பத்து மணிக்குப் பிறகு கேட்ட பாட்டு

உங்கள் கட்டிடத்து வாஷ்குஷேக் கதவிலோ படிக்கட்டிலோ ஒரு ஹவுஸ்ஓர்ட்னுங் தாள் ஒட்டியிருக்கும். அதை ஒருநாளும் வாசித்திருக்க மாட்டீர்கள், நானும் அப்படித்தான். அதில் இரவு அமைதி என்று ஒரு வரி இருக்கும்: பத்து மணியிலிருந்து காலை ஆறு அல்லது ஏழு மணிவரை. சில கட்டிடங்களில் மத்தியானத்துக்கும் ஒரு மணிநேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

1980களின் கடைசியில் அப்பா வேலை செய்தது ஒரு உணவகக் குசினியில். கோப்பை கழுவும் வேலை. முடிந்து, கடைசி ட்ராம் பிடித்து, அறைக்கு வர இரவு பன்னிரண்டு ஆகும். அந்த நேரத்தில்தான் அவருக்குப் பாட்டுக் கேட்கப் பொழுது கிடைக்கும். ஒரு அறையில் மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவர் காலை ஐந்துக்கு எழும்ப வேண்டியவர். கீழ்வீட்டில் இருந்த வயதான அம்மா, நாற்காலியை இழுத்தாலே தும்புத்தடியால் கூரையில் தட்டுவா. இந்த நிலையில் ஸ்பீக்கர் வாங்குவதும் ஒன்றுதான், யானை வாங்குவதும் ஒன்றுதான்.

அதனால் அவர் ப்ரோக்கியில் வாங்கியது ஒரு பெரிய, மேசையில் வைக்கிற சீடி பிளேயர் மட்டும். ஊர் ஆட்கள் இறுவட்டு என்று சொல்வார்கள், வீட்டில் எல்லோரும் சீடி என்றுதான் சொன்னோம். அம்ப்ளிஃபையர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. முன்பக்கத்தில் வலது மூலையில் ஒரு ஹெட்போன் ஓட்டை, பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். பதினைந்து வருடம் அவருடைய முழு இசை உலகமும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது.

போன மாதம் அவருக்கு என்னுடைய ஃபோனில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அந்தப் பெட்டியில கேட்ட மாதிரி இல்லையே, அதில தபேலா நெஞ்சில வந்து அடிக்கும்" என்றார். வயது போனால் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். பிறகு கெல்லருக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது என்ன என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை அப்படித் தொடங்கியது.

முதலில் ஓட்டையின் கதை. பெரிய வகை ஹெட்போன் பிளக், 6.35 மில்லிமீற்றர் தடிப்புள்ளது, இசைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொலைபேசி நிலையங்களில் வேலை செய்தவர்கள் ஒருவருடைய இணைப்பை இன்னொருவரோடு கொழுவுவதற்குக் குத்தி எடுத்த முளை அது. ஒரு நாளில் ஆயிரம் தடவை குத்தினாலும் தேயக்கூடாது என்று செய்தார்கள். அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் கிட்டாரிலும் மிக்ஸரிலும் அதே முளை இருக்கிறது. ஹெட்போனும் முதலில் தொலைபேசிக்காரர்களுக்கும் கப்பல் வானொலிக்காரர்களுக்கும் உரிய வேலைச்சாமான்தான். இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஜோன் கொஸ், 1958-ல்.

இடையில் இந்த ஓட்டைக்கு ஒரு சுவிஸ் அத்தியாயம் உண்டு. சூரிச்சுக்குப் பக்கத்தில் ரேகன்ஸ்டோர்ஃப் இருக்கிறதல்லவா? எஸ்-பானில் போகும்போது பெயரைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் வில்லி ஸ்டூடர் (1912–1996) என்பவருடைய தொழிற்சாலை இருந்தது. 1948-ல் சொந்த நிறுவனம் தொடங்கியவர். ஸ்டூடியோக்களுக்குச் செய்த ஒலிநாடா இயந்திரங்களில் அவருடைய பெயரையே போட்டார், வீட்டுக்காரர்களுக்குச் செய்தவற்றில் ரெவொக்ஸ் என்று போட்டார். பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட சார்ஜென்ட் பெப்பர் தொகுப்பை லண்டன் ஆபி ரோட் ஸ்டூடியோவில் பதிந்தது ஸ்டூடரின் ஜே37 என்ற நான்கு தட இயந்திரத்தில். அதே 1967-ல் வந்த ரெவொக்ஸ் ஏ77 வீட்டு இயந்திரம். இன்றும் ரிக்கார்டோவில் அதற்குச் சண்டை பிடிப்பார்கள்.

ஏ77 போன்ற இயந்திரங்களில் மூன்று தலைகள் இருந்தன: அழிக்க ஒன்று, பதிய ஒன்று, வாசிக்க ஒன்று. நாடா முதலில் பதியும் தலையையும் ஒரு நொடிக்குள் வாசிக்கும் தலையையும் தாண்டிப் போகும். அதனால் பதிந்துகொண்டிருக்கும்போதே, நாடாவில் உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று ஹெட்போனில் கேட்கலாம். மைக் இரைகிறதா, நாடா அழுக்கா, சத்தம் உச்சத்தில் கிழிகிறதா, எல்லாம் அந்த ஓட்டையில் தெரியும். அங்கே ஹெட்போன் ஓட்டை ஒரு வைத்தியரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. அது சரியில்லையென்றால் பதிவே வீண்.

சீடி பிளேயருக்கு அந்தத் தேவை கிடையாது. அதில் நீங்கள் எதையும் பதிவதில்லை, சரிபார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஏன் ஓட்டை வந்தது? நாடா இயந்திரத்தில் இருந்தது, அதனால் இதிலும் வைத்தார்கள் என்பதுதான் என் ஊகம். கடையில் நிற்பவர் அம்ப்ளிஃபையர் இல்லாமலேயே குத்திக் கேட்டுப் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எப்படியோ, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மடக்குக் கதிரை மாதிரி அது ஒரு மரியாதைக்காக வைத்த பொருள்.

முதல் சீடி பிளேயரிலேயே அது இருந்தது. 1982 ஒக்டோபர் 1-ஆம் திகதி ஜப்பானில் சோனி சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 168,000 யென். அதன் முகப்பில் ஹெட்போன் ஓட்டையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுகிற ஒரு பொத்தானும் இருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 17-ஆம் திகதி, ஜெர்மனியில் ஹனோவர் பக்கத்து லாங்கன்ஹாகன் தொழிற்சாலையில் விற்பனைக்கான சீடிகளை அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஐரோப்பாவுக்கு பிளேயர்கள் 1983-ல் வந்தன. ரேகன்ஸ்டோர்ஃப்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ரெவொக்ஸ் பி225 என்று ஒன்றைச் செய்தார்கள். சுழற்றும் பொறியும் சிப்பும் பிலிப்ஸினுடையவை, பெட்டியும் மிச்ச மின்சுற்றும் தங்களுடையவை.

1983 என்ற வருடத்தைப் பார்த்ததும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஜூலைக் கலவரம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சுவிசுக்கு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெரும்பாலும் என் அட்டைக்காரர்கள், பெரும்பாலும் குசினி வேலை. சீடியும் எங்கள் அப்பாமாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் என்று சொல்லலாம். சீடிக்கு வரவேற்பு கொஞ்சம் நல்லதாக இருந்தது.

அந்தக் காலச் சஞ்சிகைகளில் சண்டை எல்லாம் சிப்பைப் பற்றித்தான். பிலிப்ஸ் 14 பிட் சிப்பை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டியது, சோனி 16 பிட் சிப்பைப் போட்டது. எது நல்லது? பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாம் பின்பக்கத்து இரண்டு துளைகளில், அம்ப்ளிஃபையருக்குப் போகிற 2 வோல்ட் வெளியீட்டில், என்ன வருகிறது என்பதைப் பற்றிய பேச்சு. முன்பக்கத்து ஓட்டைக்குப் பெரும்பாலும் கடைசியில் ஒரு வரி: ஹெட்போன் வசதி உண்டு. அவ்வளவுதான்.

இனிக் கொஞ்சம் மின்சாரம். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன் (வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதை மறக்காதீர்கள்). பின்பக்கத்துக்குப் போகிற பாதை நேராக இருந்தது. முன்பக்கத்துக்கு அதிலிருந்து ஒரு கிளை: முதலில் அந்தச் சின்னக் குமிழ், பிறகு எட்டுக்கால் சிப் ஒன்று, பிறகு இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒவ்வொரு சின்னத் தடை, பிறகு ஓட்டை. பெரும்பாலான மேசை பிளேயர்களில் இதே அமைப்புத்தான். இடமும் வலமும் சேர்ந்து இரண்டையும் ஓட்டுவதற்கு ஒரே சிப். மலிவுதான், ஆனால் கெட்ட சிப் இல்லை. 4556 என்று இலக்கம் போட்ட ஒரு ஜப்பான் சிப் இப்படிப்பட்ட பெட்டிகளில் கனகாலம் வந்தது, அதை இன்றும் ஆட்கள் மெச்சுகிறார்கள். பிரச்சினை சிப்பில் இல்லை, அதற்குப் பின்னால் நிற்கிற தடையில்.

அந்தத் தடையை ஏன் வைத்தார்கள்? பிளக்கைக் குத்தும்போதும் இழுக்கும்போதும் ஒரு கணம் இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். தடை இல்லையென்றால் சிப் நெருப்பாய்ச் சுடும். அதோடு இன்னொரு காரணம்: அந்தக் கால நல்ல ஹெட்போன்களின் தடை மிக அதிகம். சென்ஹைசர் எச்டி 414, 1968-ல் வந்தது, 2000 ஓம். ஆகேகே கே240 600 ஓம். அவற்றோடு ஒப்பிட்டால் நூறு ஓம் ஒன்றுமே இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1996-ல் வெளியிட்ட 61938 என்ற தரநூல்கூட ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தின் தலைமையகம் ஜெனீவாவில். இந்த நாட்டை விட்டு எங்கேயும் போக முடியவில்லை பாருங்கள்.

அப்பாவின் பெட்டியில் எவ்வளவு? அளந்தேன். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை சீடியில் எரித்துப் போட்டேன். 50 ஏன் என்றால், மலிவான மீற்றர்கள் சுவர் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை, அந்த அதிர்வில்தான் சரியாகக் காட்டும். ஓட்டையில் ஒன்றும் கொழுவாமல் 0.50 வோல்ட் வரும்வரை குமிழைத் திருப்பினேன். பிறகு 100 ஓம் தடை ஒன்றைக் கொழுவினேன். 0.23-க்கு விழுந்தது. கணக்குப் போட்டால் பெட்டியின் உள்தடை 117 ஓம். 120 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அப்பாவின் ஹெட்போன். அவரிடம் இருந்தது ஒரு மலிவான 32 ஓம் ஹெட்போன். ஆனால் 32 என்பது பெட்டியில் எழுதியிருக்கிற எண் மட்டும்தான். ஹெட்போனுக்குள்ளே இருக்கும் சவ்வு ஒரு ஊஞ்சல் மாதிரி. ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வில் அது தானாக ஆடும், அந்த இடத்தில் மட்டும் தடை மேலே ஏறும். 60 ஓம் வரை ஏறுகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

பெட்டியிலிருந்து வருகிற மின்னழுத்தத்தை உள்தடையும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்ளும். சாதாரண இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 152-ல் 32 பங்கு. ஊஞ்சல் ஆடுகிற இடத்தில் 180-ல் 60 பங்கு. முதலாவது 21 சதவீதம், இரண்டாவது 33 சதவீதம். காதின் அளவுக்கு மாற்றினால் 4 டெசிபெல் அதிகம். தாழ்ந்த ஒலி மட்டும், அதுவும் அந்த ஒரு இடத்தைச் சுற்றி, 4 டெசிபெல் கூடி வரும். இது எவருக்கும் கேட்கும்.

இதையே 300 ஓம் ஹெட்போனில் போட்டுப் பாருங்கள். அது ஆடுகிற இடத்தில் 500-க்கு ஏறினாலும் வித்தியாசம் 1 டெசிபெல்தான். இன்றைய ஃபோனில் குத்துகிற சின்ன வயர் துண்டின் உள்தடை ஓரிரு ஓம். அதில் அப்பாவின் 32 ஓம் ஹெட்போனைப் போட்டால் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.1 டெசிபெல். ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. ஆடுகிற ஊஞ்சலைக் கை வைத்து நிறுத்துகிற மாதிரி, உள்தடை குறைந்த பெட்டி சவ்வைப் பிடித்து நிறுத்தும். 120 ஓமுக்குப் பின்னால் நிற்கிற பெட்டிக்குக் கை எட்டாது. தபேலாவில் ஒரு அடி விழுந்தால், அடி முடிந்த பிறகும் சவ்வு கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும். அடி தடிப்பாக, மெத்தை மாதிரிக் கேட்கும்.

ஆக, அப்பா சொன்னது கற்பனை இல்லை. தபேலா அந்தப் பெட்டியில் உண்மையாகவே நெஞ்சில் வந்துதான் அடித்தது. ஆனால் அந்த அடி சீடியில் இல்லை. சென்னையில் அதைப் பதிந்தவர்கள் அப்படி வைக்கவும் இல்லை. இரண்டு தடைகள் தற்செயலாகச் சந்தித்ததில் பிறந்த அடி அது.

இதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவர் முதலில் வாங்கிய சீடிகளில் ஒன்று ரோஜா. 1992. அதற்கு முன்னர் இளையராஜாவின் சீடிகள் சில, நியூயோர்க்கில் இருந்த ஓரியன்டல் ரெக்கோர்ட்ஸ் வெளியிட்டவை. ஒரு தமிழ்ப் பாட்டு சென்னையில் பிறந்து, நியூயோர்க் முத்திரையோடு, சூரிச்சில் ஒரு தமிழ்க்கடைத் தட்டில் இடியப்ப மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பழைய பாட்டுச் சீடிகள் பல நாடாவிலிருந்து மாற்றப்பட்டவை, பின்னணியில் சூ என்ற இரைச்சல் இருக்கும். ரோஜா வேறு மாதிரி. ஏ. ஆர். ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவில் உருவானது. தாழ்ந்த ஒலிகளை அவ்வளவு தெளிவாகவும் துணிவாகவும் வைத்த தமிழ்ப் பாட்டுகளை எங்கள் ஆட்கள் அதற்கு முன்னர் அதிகம் கேட்டதில்லை. ரகுமானோடு கனகாலம் வேலை செய்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் (2008-ல் இறந்துவிட்டார்) போன்றவர்கள் ஒரு சத்தத்தை எந்த இடத்தில் வைப்பது என்று மணிக்கணக்கில் மினக்கெட்டிருப்பார்கள். அதற்கு மேல் அப்பாவின் பெட்டி தன் பங்குக்கு 4 டெசிபெல் ஊற்றியது. ரோஜாவில் பாஸ் ஏற்கனவே தாராளம். அவருக்கு அது பாயாசத்தில் இன்னும் இரண்டு கரண்டி சீனி.

நான் சின்ன வயதில் கேட்டது இன்னொரு கிளை: கையில் கொண்டு போகிற பிளேயர். சோனி 1984-ல் டி-50 என்று ஒன்றை வெளியிட்டது, நான்கு சீடிப் பெட்டிகளை அடுக்கி வைத்த அளவு. டிஸ்க்மன் என்ற பெயர் அந்த வரிசையில் வந்ததுதான். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னர், 1979-ல் வந்த முதல் வோக்மனில் இரண்டு ஹெட்போன் ஓட்டைகள் இருந்தன, இரண்டு பேர் சேர்ந்து கேட்க. பிறகு வந்தவற்றில் ஒன்றாகிவிட்டது. அதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

டிஸ்க்மனில் ஹெட்போன் ஓட்டை விருந்தாளிக் கதிரை இல்லை, வீட்டின் ஒரே வாசல். அதனால் அங்கே கொஞ்சம் அக்கறை எடுத்தார்கள், 16 முதல் 32 ஓம் வரையான ஹெட்போன்களுக்கென்றே சுற்று அமைத்தார்கள், உள்தடையும் குறைவு. ஆனால் வேறு நோய்கள். இரண்டு பற்றரியில் ஓடுவதால் வெளியீட்டில் ஒரு மின்தேக்கி வைக்க வேண்டியிருந்தது. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 32 ஓம் ஹெட்போனையும் சேர்த்தால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துகொண்டே போகும். பெரிய மின்தேக்கி வைத்தால் பெட்டி தடிக்கும். அதை ஈடுசெய்ய பாஸ் கூட்டுகிற பொத்தான் ஒன்று வைத்தார்கள், அதைப் போட்டால் பற்றரி சீக்கிரம் தீரும். பிறகு குலுங்கினால் பாட்டு வெட்டாமல் இருக்க சில நொடிகளைச் சேமித்து வைக்கும் நினைவகம் வந்தது. ட்ராமில் ஓடிப்போய் ஏறுகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் நினைவகம் விலையானது, அதனால் பல பிளேயர்கள் ஒலியைச் சுருக்கித்தான் சேமித்தன. அந்தப் பொத்தானைப் போட்டால் நீங்கள் கேட்பது முழு சீடி இல்லை. பாடசாலைக் காலம் முழுக்க நான் அதைப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

இரண்டு வழியிலும் ஒரு பொதுவான சங்கதி உண்டு, சத்தத்தின் அளவு. பிரான்ஸ் 1990களின் நடுவில் கையடக்க பிளேயர்களுக்கு 100 டெசிபெல் என்று சட்டத்தில் எல்லை போட்டது. பிறகு ஐரோப்பியத் தரநூல்களும் வந்தன. மேசை பிளேயரின் ஓட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லை. இங்கே வேலைத்தள விபத்துக் காப்புறுதியான சுவா, வேலையிடத்தில் ஒரு நாளைக்குச் சராசரி 85 டெசிபெல்லைத் தாண்டினால் காதுக்கு ஆபத்து என்கிறது. 3 டெசிபெல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணிநேரம், 91 என்றால் இரண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவின் பெட்டியில் நான் கண்டுபிடித்த மற்றக் குறை சத்தத்தோடு சம்பந்தப்பட்டது. அந்தச் சின்னக் குமிழ். அதற்குள்ளே இரண்டு கார்பன் பாதைகள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மலிவான குமிழ்களில் நடுவிலும் மேலேயும் சரியாக இருக்கும், தொடக்கத்தில் இருக்காது. அப்பாவின் பெட்டியில் குமிழைக் கால்வாசிக்குக் கீழே வைத்தால் பாட்டு வலது காதில் மட்டும்தான் வரும். இடது காதில் முணுமுணுப்பு. குமிழின் ஓரத்தில் நகத்தால் கீறிய ஒரு அடையாளம் இருந்தது. அது என்ன என்று அவரைக் கேட்டேன்.

"அதுக்குக் கீழ வைச்சா ஒரு பக்கம் வராது. அதான் அடையாளம் போட்டனான்."

அதாவது பதினைந்து வருடம், நள்ளிரவில், எல்லோரும் தூங்குகிற அமைதியில், மெதுவாகக் கேட்டாலே போதுமான நேரத்தில், அவர் அந்தக் கீறலுக்கு மேலேதான் வைத்துக் கேட்டிருக்கிறார். மெதுவாகக் கேட்க அந்தப் பெட்டி விடவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றுதான் ஹெட்போன் போட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அவருக்குக் காதுப் பரிசோதனை செய்தார்கள். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதிலும் கோடு கீழே விழுந்திருந்தது. சத்தத்தால் காது பழுதானவர்களுக்கு வழமையாக விழுகிற இடம் அது. முப்பது வருடம் பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்கும் எஃகுத் தட்டுகளுக்கும் பக்கத்தில் நின்றவர், அதுவே போதும். பெட்டிக்கு எவ்வளவு பங்கு, குசினிக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பரிசோதித்த பெண் அவரிடம் இரைச்சலான வேலை செய்தீர்களா என்று கேட்டா. பாட்டுக் கேட்டீர்களா என்று கேட்கவில்லை.

நல்ல ஹெட்போன் வெளியீடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பின்னர் உலகம் கற்றுக்கொண்டது. அதிலும் ரேகன்ஸ்டோர்ஃப் வாசம் உண்டு. ஸ்டூடரிடம் வேலை செய்த டானியல் வைஸ் 1985-ல் தனியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று ஊஸ்டரில் இருக்கிறது. டிஜிட்டலை ஒலியாக்கும் பெட்டிகள் செய்கிறார்கள், சிலவற்றில் ஹெட்போன் ஓட்டை உண்டு, அது விருந்தாளிக் கதிரை இல்லை. விலையைப் பார்த்து நான் பக்கத்தை மூடிவிட்டேன். மறுபக்கம், 2016-ல் ஐஃபோன் 7 ஓட்டையையே எடுத்துவிட்டது. பிறகு அதற்குக் கொடுத்த சின்ன வயர் துண்டு, அளவீட்டில் அப்பாவின் பெட்டியை எல்லா வகையிலும் வெல்லும். உள்தடை குறைவு, இடமும் வலமும் ஒரே அளவு, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் கேட்கலாம். சத்தத்தைக் குறைப்பது குமிழ் இல்லை, கணக்கு.

உங்கள் வீட்டுக் கெல்லரிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். 250 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போன் யாரிடமாவது கடன் வாங்கிக் குத்திப் பாருங்கள். பலவற்றில் ஆச்சரியமாக நல்ல ஒலி இருக்கும். மடக்குக் கதிரையும் சரியான ஆள் உட்கார்ந்தால் உடையாது. நண்பன் ஒருவனின் 300 ஓம் ஹெட்போனை அப்பாவின் பெட்டியில் குத்தி ரோஜாவைப் போட்டேன். தபேலா அதன் இடத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த வயலின்களும் கோரஸும் வெளியே வந்தன. எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவுக்குக் கொடுத்தேன். இப்போது அவருக்கு எந்தக் கீழ்வீட்டுக்காரரின் பயமும் இல்லை, ஞாயிறு பின்னேரம் நான்கு மணி. அப்படியிருந்தும் ஹெட்போனைப் போட்டதும் பழைய பழக்கத்தில் குமிழைக் கீறலுக்குக் கொண்டு போனார். ஒரு முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல."

பிறகு தன்னுடைய பழைய 32 ஓம் ஹெட்போன் எங்கே என்று கேட்டார். அதன் காதுப் பஞ்சு உதிர்ந்து கறுப்புத் தூளாகிவிட்டது. ஒரு சோடி பஞ்சுக்கு ஓடர் போட்டிருக்கிறேன். குமிழுக்குள் அடிக்கிற துப்புரவு ஸ்ப்ரேயும் வாங்க வேண்டும், கீறலுக்குக் கீழேயும் இடது காது வருகிறதா என்று பார்க்க. கார்பன் தேய்ந்திருந்தால் ஸ்ப்ரேயால் ஒன்றும் நடக்காது, புதிய குமிழ்தான் போட வேண்டும். அந்த 120 ஓம் தடையை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதை நான் மாற்றப் போவதில்லை.